ஒருங்கு நிறுவித் தொகுப்பில் சார்புநிரல்களின் வேரியண்டுகள்: ஓர் அறிமுகம்

ஒரு மென்பொருளை மூலநிரலிலிருந்து கம்பைல் செய்யும்போது, அதாவது கணினி இயக்கக்கூடிய இருமக் கோப்பாக மாற்றும்போது, அதை எழுதியவர்கள் சில முடிவுகளைக் கம்பைல் செய்பவரின் பொறுப்பில் விட்டிருப்பதைக் காணலாம். சாளரங்களை யூனிக்ஸ் வகைக் கணினிகளின் சாளர அமைப்பான எக்ஸ்11 முறையில் வரைவதா, மேக் இயங்குதளத்தின் சொந்த வரைகலை அடுக்கான குவார்ட்ஸ் வழியாக வரைவதா. மறையாக்கப்பட்ட இணைய இணைப்புக்கு ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகத்தைச் சேர்ப்பதா, க்னூடிஎல்எஸ் நூலகத்தைச் சேர்ப்பதா. பைத்தான் மொழிக்கான இணைப்பு வேண்டுமா, வேண்டுமென்றால் பைத்தானின் எந்தப் பதிப்புக்கு என்பவை அத்தகைய முடிவுகள். இவை நிரல் இயங்கும்போது மாற்றிக்கொள்ளக்கூடிய அமைப்புகள் அல்ல. கம்பைல் ஆகும் நேரத்திலேயே தீர்மானிக்கப்பட்டு, உருவாகும் இருமக் கோப்பில் பதிந்துவிடுபவை. எனவே ஒரே பெயரும் ஒரே பதிப்பு எண்ணும் கொண்ட ஒரு நிரல், உள்ளே வேறுவேறு திறன்களோடும் வேறுவேறு நூலகத் தேவைகளோடும் பல உருவங்களில் இருக்க முடியும். அந்த உருவங்களில் ஒவ்வொன்றையும் வேரியண்ட் என்கிறோம்.

தனக்காக மட்டும் ஒரு நிரலைக் கம்பைல் செய்துகொள்பவருக்கு இது பெரிய சிக்கல் இல்லை. தேர்வு தவறாகிவிட்டால் அந்த நிரலை நீக்கிவிட்டு, வேறு வேரியண்டைக் கம்பைல் செய்துகொள்ளலாம். அதே நிரலை, அதற்குத் தேவையான எல்லா நூலகங்களோடும் சேர்த்து ஒரே நிறுவித் தொகுப்பாக்கிப் பிறருக்குக் கொடுக்கும்போது நிலைமை மாறிவிடுகிறது. பெறுபவரிடம் கம்பைலர் இருக்காது. மூலநிரல் இருக்காது. எந்த நூலகம் எந்த வேரியண்டில் உள்ளே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் வழியும் பெரும்பாலும் இருக்காது. உருவாக்கியவரின் கணினியில் அந்த நேரத்தில் என்ன இருந்ததோ அதுவே அவருக்குப் போய்ச் சேர்கிறது. ஆகவே, தொகுப்பின் தலைமை நிரலுக்கு நாம் கேட்ட வேரியண்ட் அதன் கீழே வரிசைகட்டி நிற்கும் சார்புநிரல்கள் எல்லாவற்றுக்கும் தானாகவே போய்ச் சேர்ந்துவிடுவதில்லை என்பதைப் புதிதாக இந்த வேலைக்கு வருபவர் முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. இந்தத் துறையில் வரும் விளங்காத பிழைகளில் கணிசமானவை இந்த ஓர் உண்மையை அறியாததால் வருபவை என்றே நான் கருதுகிறேன்.

சார்புநிரல் என்று இங்கே குறிப்பிடுவது, நிரலாளர்கள் பேச்சில் டிபெண்டென்சி என்று சொல்வதைத்தான். ஒரு நிரல் இயங்குவதற்கோ, கம்பைல் ஆவதற்கோ தேவைப்படும் இன்னொரு நிரல் அல்லது நூலகம் அது. அதற்கும் சார்புநிரல்கள் இருக்கும், அவற்றுக்கும் இருக்கும். இந்தச் சங்கிலியில் எல்லாம் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. கம்பைல் வேலையை ஒழுங்குபடுத்தும் சிமேக் போன்ற கருவிகள் கம்பைல் செய்யும் நேரத்தில் மட்டும் தேவைப்பட்டு, பிறகு தேவையற்றவை ஆகிவிடுகின்றன. நூலகங்கள் கம்பைல் செய்யும்போதும் வேண்டும், இயங்கும்போதும் வேண்டும். இயங்கும்போது மட்டும் தேவைப்படும், ஸ்கிரிப்டுகளை ஓட்டும் நிரல்களும் தரவுக் கோப்புகளும் மூன்றாவது வகை. நிறுவித் தொகுப்புக்குள் போக வேண்டியவை பின்னிரண்டு வகைகளே. ஆனால் முதல் வகைக் கருவியின் வேரியண்டும் சில நேரங்களில் விளைவை மாற்றிவிடக்கூடும் என்பதால் அதை முற்றிலும் மறந்துவிடவும் கூடாது.

மேக்போர்ட்ஸில் இது நடக்கும் விதம்

இதைப் பொதுவாகச் சொல்லிக்கொண்டு போவதைவிட, வேரியண்ட் என்ற சொல்லையே அதிகாரபூர்வமாகப் பயன்படுத்தும் ஓர் அமைப்பை எடுத்துக்கொண்டு பார்ப்பது எளிது. மேக் கணினிகளில் மென்பொருள்களை மூலநிரலிலிருந்து கம்பைல் செய்து நிறுவித் தரும் மேக்போர்ட்ஸ் அத்தகையது. இது 2002-இல் ஓப்பன்டார்வின் திட்டத்தின் பகுதியாக டார்வின்போர்ட்ஸ் என்ற பெயரில் தொடங்கி, அந்தத் திட்டம் மூடப்பட்ட 2006-இல் இப்போதைய பெயரைப் பெற்றது. இதில் ஒவ்வொரு மென்பொருளுக்கும் போர்ட்ஃபைல் எனப்படும் ஒரு செய்முறைக் கோப்பு, டிசிஎல் மொழியில் எழுதப்பட்டிருக்கும். மூலநிரலை எங்கிருந்து இறக்குவது, எவை சார்புநிரல்கள், எந்தெந்த வேரியண்டுகள் உண்டு, அவற்றில் இயல்பாகத் தேர்வாகி இருப்பவை எவை, ஒன்றோடொன்று சேர முடியாதவை எவை என்பதெல்லாம் அதில் இருக்கும். வேரியண்டின் பெயருக்கு முன் கூட்டல் குறி இட்டால் அது வேண்டும் என்று பொருள், கழித்தல் குறி இட்டால் வேண்டாம் என்று பொருள்.

மேக்போர்ட்ஸின் போர்ட் என்னும் கட்டளை, நிரலை நிறுவுவதோடு நின்றுவிடாமல் நிறுவித் தொகுப்புகளையும் உருவாக்கித் தரும். பிகேஜி என்ற துணைக்கட்டளை, கேட்ட நிரலை மட்டும் ஆப்பிளின் நிறுவி படிக்கக்கூடிய ஒரு பேக்கேஜாக ஆக்குகிறது. எம்பிகேஜி என்பது அந்த நிரலோடு அதன் சார்புநிரல்கள் ஒவ்வொன்றுக்கும் பேக்கேஜ் செய்து, எல்லாவற்றையும் ஒரு பெருந்தொகுப்புக்குள் அடுக்குகிறது. எம்டிஎம்ஜி அந்தப் பெருந்தொகுப்பை ஒரு வட்டுப் படிமத்துக்குள் வைத்துக் கொடுக்கிறது. பெறுபவர் அதைத் திறந்து இருமுறை சொடுக்கினால் போதும்.

ஒரு நிரலை எந்த வேரியண்டில் கம்பைல் செய்வது என்று மேக்போர்ட்ஸ் முடிவெடுக்கையில், கட்டளை வரியில் பயனர் சொன்னதையே முதலில் பார்க்கிறது. அங்கே எதுவும் சொல்லப்படவில்லை என்றால் வேரியண்ட்ஸ்.கான்ஃப் என்ற அமைப்புக் கோப்பில் உள்ள விருப்பங்களைப் பார்க்கிறது. அங்கும் இல்லையென்றால் போர்ட்ஃபைலை எழுதியவர் வைத்த இயல்புத் தேர்வே நிற்கிறது. இதுவரை சிக்கல் எதுவும் இல்லை. சார்புநிரல்களுக்குள் நுழையும்போதுதான் கவனம் தேவைப்படுகிறது.

கட்டளை வரியில் தலைமை நிரலுக்குக் கேட்ட வேரியண்ட், புதிதாகக் கம்பைல் செய்யப்படப்போகும் சார்புநிரல்களுக்கும் கடத்தப்படுகிறது. அந்தப் பெயரில் வேரியண்ட் உள்ள சார்புநிரல் அதை ஏற்றுக்கொள்ளும். இல்லாதது ஓசையில்லாமல் புறக்கணித்துவிடும். ஆனால் ஒரு சார்புநிரல் ஏற்கெனவே நிறுவப்பட்டிருந்தால், அது எந்த வேரியண்டில் இருந்தாலும் தேவை நிறைவேறிவிட்டதாகவே பொதுவாகக் கொள்ளப்படுகிறது. எந்தச் சில்லுக் கட்டமைப்புக்காக (எந்த வகைக் கணினிச் சில்லுக்காக) கம்பைல் ஆனது என்பது மட்டும் சரிபார்க்கப்படும். மற்றபடி, இருப்பது இருந்தபடியே எடுத்துக்கொள்ளப்படும். மேம்படுத்தும்போது வேரியண்டுகளை வலியுறுத்துவதற்கென்று தனியான ஒரு தேர்வு உண்டு என்றாலும், அதை நாம்தான் கேட்க வேண்டும்.

இந்த நடத்தையைக் குறை என்று சொல்லிவிட முடியாது. ஒவ்வொரு சிறு விருப்ப மாற்றத்துக்கும் கீழே உள்ள நூறு நூலகங்களை மீண்டும் கம்பைல் செய்துகொண்டிருந்தால் யாராலும் இந்த அமைப்பைப் பயன்படுத்த முடியாது. தன் கணினியில் வேலை நடந்தால் போதும் என்பவருக்கு இது சரியான சமரசம். பிறருக்குத் தொகுப்பு செய்பவருக்கோ இதே சமரசம் கண்ணுக்குத் தெரியாத ஓர் உள்ளீடாக மாறிவிடுகிறது. அவர் இன்று தட்டச்சு செய்த கட்டளையோடு, அந்தக் கணினியில் என்றோ வேறெதற்காகவோ நிறுவிய நூலகங்களும் சேர்ந்தே தொகுப்பைத் தீர்மானிக்கின்றன.

எக்ஸ்11-உம் குவார்ட்ஸும்

இதை நன்றாகக் காட்டும் எடுத்துக்காட்டு, ஜிடிகே என்னும் வரைகலைக் கருவிநூலகத்தின் மேல் எழுதப்பட்ட ஒரு செயலி. ஜிடிகே தன் வரைவு வேலைக்கு கெய்ரோ நூலகத்தையும், எழுத்துகளைக் கோத்து வரிசைப்படுத்த பேங்கோ நூலகத்தையும் நம்பியிருக்கிறது. பேங்கோவும் கெய்ரோவைச் சார்ந்திருக்கிறது. மேக்போர்ட்ஸில் இந்த மூன்றுக்கும் எக்ஸ்11, குவார்ட்ஸ் என்ற வேரியண்டுகள் உண்டு. ஜிடிகேயைக் குவார்ட்ஸ் வேரியண்டில் கம்பைல் செய்ய வேண்டுமென்றால் கீழே உள்ள கெய்ரோவும் பேங்கோவும் குவார்ட்ஸ் ஆதரவோடு இருந்தாக வேண்டும்.

இந்தத் தேர்வு பெறுபவரை எப்படிப் பாதிக்கிறது என்பதைப் பாருங்கள். 2012-இல் வெளிவந்த ஓஎஸ் எக்ஸ் 10.8 முதல் ஆப்பிள் தன் இயங்குதளத்தோடு எக்ஸ்11 சேவையகத்தை, அதாவது சாளரங்களைத் திரையில் காட்டும் நிரலை, சேர்த்துத் தருவதில்லை. வேண்டியவர்கள் எக்ஸ்குவார்ட்ஸ் என்ற தனி மென்பொருளை நிறுவிக்கொள்ள வேண்டும். எக்ஸ்11 வேரியண்டில் கம்பைல் ஆன ஜிடிகேயைத் தொகுப்புக்குள் வைத்தால், அதற்குத் தேவையான எக்ஸ்11 நூலகங்களெல்லாம் சார்புநிரல்களாகவே உள்ளே வந்துவிடும். அவற்றோடு பேச வேண்டிய சேவையகம் மட்டும் வராது, ஏனெனில் அது நூலகச் சார்பு அல்ல. தொகுப்பு பிழையின்றி நிறுவப்படும். எல்லாக் கோப்புகளும் அவற்றுக்குரிய இடத்தில் இருக்கும். செயலியைத் திறந்தால் சாளரம் மட்டும் வராது. உருவாக்கியவரின் கணினியில் எக்ஸ்குவார்ட்ஸ் இருந்திருக்கும் என்பதால் அவருக்கு இந்தப் பிழை ஒருபோதும் தெரிந்திருக்காது.

சரி, குவார்ட்ஸ் வேரியண்டையே கேட்டோம் என்று வைத்துக்கொள்வோம். முன்பு ஒருமுறை வேறொரு நிரலுக்காகக் கெய்ரோ எக்ஸ்11 வேரியண்டில் நிறுவப்பட்டிருக்கிறது. இப்போது என்ன நடக்கும் என்பது போர்ட்ஃபைலை எழுதியவரின் முன்யோசனையைப் பொறுத்தது. சார்புநிரலில் இன்ன வேரியண்ட் செயலில் இருக்க வேண்டும் என்று நிபந்தனை விதிப்பதற்கு மேக்போர்ட்ஸில் ஒரு வசதி உண்டு. அதைப் பயன்படுத்தியிருந்தால், கெய்ரோவைக் குவார்ட்ஸோடு மீண்டும் நிறுவுங்கள் என்ற தெளிவான செய்தியோடு வேலை அங்கேயே நின்றுவிடும். புதியவர்கள் இந்தச் செய்தியைக் கண்டு சலித்துக்கொள்வார்கள். ஆனால் வரக்கூடிய விளைவுகளில் மிக நல்லது இதுதான். நிபந்தனை இல்லையென்றால் கம்பைல் செய்யும்போது புரியாத ஒரு பிழை வரலாம், அது இரண்டாவது நிலை. எந்தப் பிழையும் வராமல், ஒரு வசதி மட்டும் அணைந்த நிலையில் நிரல் உருவாகிவிடுவது மூன்றாவது நிலை. தொகுப்பு செய்பவர் அஞ்ச வேண்டியது இந்த மூன்றாவது நிலைக்குத்தான்.

யூனிவர்சல் வேரியண்ட் இதிலிருந்து சற்று வேறுபட்டது. ஒரே கோப்புக்குள் இரண்டு சில்லுக் கட்டமைப்புகளுக்கான நிரலையும் வைப்பது அதன் பணி. ஆப்பிள் 2020 நவம்பரில் தன் சொந்தச் சில்லு கொண்ட மேக் கணினிகளை வெளியிட்ட பிறகு, இன்டெல் கணினிக்கும் புதிய கணினிக்கும் ஒரே தொகுப்பைக் கொடுக்க விரும்புபவர்களுக்கு இது மீண்டும் முக்கியமாகிவிட்டது. சங்கிலியில் ஒரு நூலகம் ஒற்றைக் கட்டமைப்பில் இருந்தாலும் இணைப்பு நிலையில் வேலை தோற்றுவிடும் என்பதாலும், கட்டமைப்பை மேக்போர்ட்ஸ் தானாகவே சரிபார்த்துத் தேவையானவற்றை மீண்டும் உருவாக்குவதாலும், இந்த வேரியண்டில் மௌனமான தவறு நிகழ்வது குறைவு. நேரம் மட்டும் நிறைய ஆகும்.

தூய்மையான தளமும் தனி முகவரியும்

பழைய நிறுவல்களே கண்ணுக்குத் தெரியாத உள்ளீடு என்றால், அந்தப் பழையவை இல்லாத ஓரிடத்தில் தொகுப்பை உருவாக்குவதே அதற்கான மருந்து. அன்றாடம் பயன்படுத்தும் மேக்போர்ட்ஸிலிருந்து தொகுப்பு செய்யாமல், அதற்கென்றே இரண்டாவதாக ஒரு மேக்போர்ட்ஸை வேறொரு அடைவில் நிறுவிக்கொள்ள வேண்டும். மேக்போர்ட்ஸை மூலநிரலிலிருந்து நிறுவும்போது அதன் வேர் அடைவு எது என்பதை நாமே சொல்ல முடியும். மேக்போர்ட்ஸின் கையேடும் தொகுப்பு செய்பவர்களுக்கு இதையே பரிந்துரைக்கிறது.

வேர் அடைவை மாற்றச் சொல்வதற்கு, தூய்மையைவிட ஆழமான ஒரு காரணம் இருக்கிறது. மேக் இயங்குதளத்தில் கம்பைல் ஆகும் ஒரு நூலகத்துக்குள், வட்டில் அது எந்த அடைவில் இருக்கும் என்ற முழு முகவரியே பதிவாகிவிடுவது வழக்கம். அதை நாடும் நிரலிலும் அதே முகவரி பதிவாகும். எனவே மேக்போர்ட்ஸின் இயல்பான வேர் அடைவான ஆப்ட் லோக்கலில் (/opt/local) உருவாக்கிய தொகுப்பு, பெறுபவரின் கணினியிலும் அதே ஆப்ட் லோக்கல் அடைவிலேயே போய் அமரும். அவர் தாமே மேக்போர்ட்ஸ் பயன்படுத்துபவராக இருந்தால், அவர் எக்ஸ்11 வேரியண்டில் வைத்திருக்கும் கெய்ரோவின் மேல் நம் குவார்ட்ஸ் கெய்ரோ எழுதப்பட்டுவிடும். அவருடைய மேக்போர்ட்ஸின் பதிவேட்டில் பழைய வேரியண்ட் என்றே இருக்கும், வட்டில் இருப்பதோ வேறொன்று. அவருடைய மற்ற நிரல்கள் காரணம் தெரியாமல் முறியத் தொடங்கும். பிறர் கணினியில் இப்படி ஒரு சேதத்தை உண்டாக்க நமக்கு உரிமை இல்லை. ஆகவே தொகுப்புக்கென்று தனிப் பெயருள்ள ஓர் அடைவைத் தேர்ந்தெடுப்பது விருப்பத்தைப் பொறுத்த ஒன்றல்ல, கட்டாயம் என்றே சொல்வேன்.

இதற்கு ஒரு விலை உண்டு. மேக்போர்ட்ஸின் சேவையகங்களில் முன்கூட்டியே கம்பைல் செய்து வைத்திருக்கும் இருமக் கோப்புகள், இயல்பான அடைவுக்கும் இயல்பான வேரியண்டுகளுக்கும் உரியவை. அடைவையோ வேரியண்டையோ மாற்றினால் அவை பயன்படாது. எல்லாவற்றையும் மூலநிரலிலிருந்தே கம்பைல் செய்ய வேண்டியிருக்கும். பெரிய சங்கிலியாக இருந்தால் பல மணி நேரம் ஆகலாம். ஆனாலும், எந்த நூலகம் எப்படி உருவானது என்பது இப்போது முழுக்க நம் கையில் இருக்கிறது என்பதால் அந்த நேரம் வீணாவதில்லை.

புதிய தளம் தயாரானதும், முதல் நிரலை நிறுவுவதற்கு முன்பே வேரியண்ட்ஸ்.கான்ஃப் கோப்பில் நம் தேர்வுகளை எழுதிவிட வேண்டும். குவார்ட்ஸ் வேண்டும், எக்ஸ்11 வேண்டாம் என்று இரண்டையும் வெளிப்படையாகக் குறிப்பது நல்லது. ஒன்றைக் கேட்டதால் மற்றது தானாக விலகும் என்று எல்லா நூலகங்களிலும் நம்ப முடியாது, ஏனெனில் கெய்ரோ போன்ற சில நூலகங்கள் இரண்டையும் சேர்த்தே ஏற்கக்கூடியவை. கோப்பில் எழுதுவதில் இன்னொரு நன்மையும் உண்டு. நிறுவும்போது ஒரு கட்டளை, தொகுப்பு செய்யும்போது இன்னொரு கட்டளை என்று வேலை இரண்டு படிகளில் நடக்கிறது. நிறுவும்போது கட்டளை வரியில் கேட்ட வேரியண்டைத் தொகுக்கும்போது கேட்க மறந்துவிட்டால், இரண்டு படிகளிலும் இரண்டு முடிவுகள் வந்துவிடக்கூடும். விருப்பம் கோப்பில் இருந்தால் இரு படிகளும் அதையே பார்க்கும். எவ்வளவு உறுதியாக நினைவிருந்தாலும், தொகுப்புக் கட்டளையிலும் அந்த வேரியண்டுகளை மறுபடி குறிப்பிடுவதே பாதுகாப்பானது.

இந்தக் கோப்பின் எல்லையையும் அறிந்திருக்க வேண்டும். அதில் எழுதியது அந்தப் பெயரில் வேரியண்ட் உள்ள எல்லா நிரல்களுக்கும் பொருந்தும். கெய்ரோவுக்கு ஒரு விதம், வேறொரு நூலகத்துக்கு வேறு விதம் என்று அதில் பிரித்துச் சொல்ல முடியாது. அப்படிப் பிரிக்க வேண்டிய தேவை வந்தால், முன்பு சிக்கலாகத் தெரிந்த அதே நடத்தையை நமக்குச் சாதகமாகப் பயன்படுத்தலாம். சங்கிலியின் அடியில் உள்ள நூலகத்தை அதற்குரிய வேரியண்டில் முதலில் தனியாக நிறுவ வேண்டும். பிறகு அதற்கு மேலுள்ளது, அதன் பிறகு அடுத்தது என்று கீழிருந்து மேலாக ஏறி வந்து தலைமை நிரலைக் கடைசியாக நிறுவ வேண்டும். ஏற்கெனவே இருப்பதை மேக்போர்ட்ஸ் அப்படியே ஏற்றுக்கொள்ளும் என்ற அதே விதி, இப்போது நாம் தேர்ந்த வேரியண்டுகளைக் காப்பாற்றித் தருகிறது. இந்த வரிசையை ஒரு சிறு ஸ்கிரிப்டாக எழுதிவைத்துக்கொண்டால் அடுத்த வெளியீட்டின்போது யோசிக்க வேண்டியிருக்காது.

அறிவிக்கப்படாத சார்புகள்

தூய்மையான தளம் இன்னொரு தொல்லையிலிருந்தும் நம்மைக் காக்கிறது. பல மென்பொருள்களின் கட்டமைப்பு ஸ்கிரிப்டுகள், கம்பைல் தொடங்குவதற்கு முன் கணினியைத் துழாவி, எந்தெந்த நூலகங்கள் இருக்கின்றன என்று பார்த்து, கண்ணில் பட்டதையெல்லாம் பயன்படுத்திக்கொள்ளும்படி எழுதப்பட்டவை. போர்ட்ஃபைலில் அந்த நூலகம் சார்பாக அறிவிக்கப்பட்டிருக்காது. யாரும் அந்த வேரியண்டைக் கேட்டிருக்கவும் மாட்டார்கள். அது அங்கே இருந்தது என்ற ஒரே காரணத்துக்காக நிரல் அதனோடு இணைந்துவிடுகிறது. பெயரிடப்படாத, யாரும் தேர்ந்தெடுக்காத ஒரு வேரியண்ட் இப்படித்தான் பிறக்கிறது.

தொகுப்பு செய்யும் கட்டளை அறிவிக்கப்பட்ட சார்புகளின் பட்டியலை மட்டுமே நம்பி வேலை செய்கிறது. ஆகவே இப்படி ஒட்டிக்கொண்ட நூலகம் தொகுப்புக்குள் வராது. பெறுபவர் செயலியைத் திறந்ததும், இன்ன நூலகத்தைக் காணவில்லை என்று இயங்குதளத்தின் இணைப்பி நிறுத்திவிடும். தளத்தில் தேவையானவை மட்டுமே இருந்தால் ஒட்டிக்கொள்வதற்கு ஒன்றும் இருக்காது. இதற்கு மேலும் உறுதி வேண்டுபவர்கள், அறிவிக்கப்படாத கோப்புகளைக் கம்பைல் நடவடிக்கையின் கண்ணில் படாமல் மறைத்துவிடும் மேக்போர்ட்ஸின் டிரேஸ் பயன்முறையைப் பயன்படுத்தலாம். வேலை மெதுவாகும், ஆனால் மறைந்திருக்கும் சார்புகள் வெளிப்பட்டுவிடும்.

உரிமம் மாறும் இடம்

வேரியண்ட் தேர்வு தொழில்நுட்பத்தோடு நிற்பதில்லை, சட்டத்தையும் தொடுகிறது. காணொளி, ஒலிக் கோப்புகளைக் கையாளும் எஃப்எஃப்எம்பெக் இதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு. அதை இயல்பாகக் கம்பைல் செய்தால் எல்ஜிபிஎல் என்னும் சற்றே தளர்வான சுதந்திர மென்பொருள் உரிமத்தின் கீழ் வருகிறது. காணொளியைச் சுருக்கும் எக்ஸ்264 போன்ற நூலகங்களைச் சேர்ப்பதற்காக, அதைவிடக் கடுமையான ஜிபிஎல் உரிமத்துக்கான தேர்வை இயக்கினால், விளையும் இருமக் கோப்பு முழுவதும் ஜிபிஎல் உரிமத்துக்குள் போய்விடுகிறது. சுதந்திரமற்ற பகுதிகளைச் சேர்க்கும் தேர்வையும் இயக்கினால், அந்தக் கோப்பைப் பிறருக்கு விநியோகிக்கவே அனுமதி இல்லை. தனக்காகக் கம்பைல் செய்துகொள்பவர் இவற்றில் எதையும் பயன்படுத்தலாம். நிறுவித் தொகுப்பு செய்பவரோ விநியோகிப்பவர் ஆகிறார். எங்கோ நான்கு படிகள் கீழே இருக்கும் ஒரு சார்புநிரலின் வேரியண்ட், தொகுப்பு முழுவதையும் வெளியிட முடியாததாக ஆக்கிவிடக்கூடும்.

ஓப்பன்எஸ்எஸ்எல்லும் இதே போன்றது. 2021-இல் வந்த 3.0 பதிப்பு அப்பாச்சி 2.0 உரிமத்துக்கு மாறியது. அதற்கு முந்தைய பதிப்புகளின் உரிமத்தில் ஜிபிஎல்லோடு ஒத்துப்போகாத நிபந்தனைகள் இருந்தன. புதிய உரிமம் ஜிபிஎல் மூன்றாம் பதிப்போடு ஒத்துப்போகும், இரண்டாம் பதிப்பை மட்டும் ஏற்கும் நிரல்களோடு ஒத்துப்போகாது என்பது சுதந்திர மென்பொருள் அறக்கட்டளையின் நிலைப்பாடு. க்னூடிஎல்எஸ் வேரியண்ட் பல நிரல்களில் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். வேரியண்டுகளை முடிவு செய்யும் அதே அமர்வில் உரிமங்களையும் பார்த்துவிடுவது நல்லது. எல்லாம் கம்பைல் ஆகித் தொகுப்பும் தயாரான பிறகு இதைக் கண்டுபிடித்தால், அடியிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டியிருக்கும்.

மற்ற அமைப்புகள்

இதே சிக்கலை வேறு அமைப்புகள் வேறு விதமாகத் தீர்த்திருக்கின்றன. லினக்ஸ் வழங்கலான டெபியன், தேர்வைப் பயனரிடம் விடாமல், ஓப்பன்எஸ்எஸ்எல்லோடு ஒன்று, க்னூடிஎல்எஸ்ஸோடு ஒன்று என்று, இணையத்தில் தரவைப் பரிமாறும் கர்ல் நூலகத்தையே வெவ்வேறு பெயருள்ள பேக்கேஜுகளாகத் தருகிறது. இன்னொரு லினக்ஸ் வழங்கலான ஜென்டூவில் யூஸ் ஃபிளாக் எனப்படும் விருப்பங்களைக் கணினி முழுமைக்கும் பொதுவாகவும் சொல்லலாம், ஒவ்வொரு பேக்கேஜுக்கும் தனியாகவும் சொல்லலாம். மேக் கணினிகளுக்கான இன்னொரு நிறுவல் அமைப்பான ஹோம்ப்ரூ தன் மையக் களஞ்சியத்திலிருந்த கம்பைல் தேர்வுகளை 2019-இல் அடியோடு நீக்கிவிட்டது.

என் பார்வையில், கட்டுப்பாட்டை மிகத் துல்லியமாகத் தருவது அறிவியல் கணிமைத் துறையில் பயன்படும் ஸ்பேக் என்னும் நிறுவல் அமைப்பு. அதில் தலைமை நிரலையும், அதன் கீழே உள்ள குறிப்பிட்ட சார்புநிரலையும், அதற்கு வேண்டிய வேரியண்டையும் ஒரே வரியில் சொல்லிவிடலாம். அறிவியல் தரவுகளைச் சேமிக்கும் எச்டிஎஃப்5 நூலகம் இணைச்செயலாக்க ஆதரவோடு வேண்டும், அதற்கான எம்பிஐ (இணையாக ஓடும் நிரல்கள் செய்தி பரிமாறும் முறை) நூலகம் ஓப்பன்எம்பிஐயாக இருக்க வேண்டும் என்று கேட்டால், அந்த நிபந்தனைகளோடு முழுச் சங்கிலியையும் முன்கூட்டியே தீர்வு கண்டு, கம்பைல் தொடங்குவதற்கு முன்பே காட்டிவிடும். வேரியண்ட் மாறினால் நிறுவும் அடைவும் மாறும் என்பதால், ஒரே நூலகத்தின் இரண்டு உருவங்கள் பக்கத்தில் பக்கத்தில் மோதாமல் இருக்கின்றன. மேக்போர்ட்ஸிலும் ஒரு நூலகத்தின் பல வேரியண்டுகளை நிறுவி வைக்கலாம். ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றுதான் செயலில் இருக்கும்.

தொகுப்பைத் திறந்து பார்த்தல்

தொகுப்பு உருவானதும் அதை அப்படியே வெளியிடாமல், உள்ளே உண்மையில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். முதலில், தளத்தில் நிறுவப்பட்டவற்றின் விரிவான பட்டியலைக் கேட்டால், மேக்போர்ட்ஸ் ஒவ்வொரு நிரலும் எந்த வேரியண்டில் இருக்கிறது, எது கேட்டுப் பெறப்பட்டது என்பதைச் சொல்லும். இந்தப் பட்டியலை ஒரு கோப்பாக்கி, தொகுப்போடு சேர்த்துப் பாதுகாத்து வைப்பது பயனுள்ளது. ஆறு மாதம் கழித்து ஒருவர் பிழை அறிக்கை அனுப்பும்போது, அவரிடம் இருப்பது எது என்பதற்கு அதுவே சான்று.

ஆனால் பட்டியல் பதிவேட்டைத்தான் காட்டுகிறது, இருமக் கோப்பை அல்ல. ஆப்பிளின் நிரலாக்கக் கருவிகளோடு வரும் ஓடூல், ஒரு நிரல் எந்தெந்த நூலகங்களை எந்த முகவரியில் தேடும் என்பதைக் காட்டும். அதில் வரும் ஒவ்வொரு முகவரியும் நம் தனி அடைவுக்குள்ளோ, இயங்குதளத்தின் சொந்த அடைவுகளுக்குள்ளோ இருக்க வேண்டும். ஆப்ட் லோக்கல் என்றோ எக்ஸ்11 என்றோ ஒரு வரி தென்பட்டால், எங்கோ ஒரு சார்பு கைநழுவிவிட்டது என்று பொருள். லிப்போ என்ற கருவி, கோப்புக்குள் எந்தச் சில்லுக் கட்டமைப்புகள் உள்ளன என்பதைச் சொல்லும். பிகேஜியூட்டில் கருவியால் பேக்கேஜை நிறுவாமலேயே விரித்துப் பார்க்கலாம். இரண்டு பைத்தான் பதிப்புகள் உள்ளே அமர்ந்திருப்பது போன்ற விரயங்கள் அப்போதுதான் கண்ணில் படும். வெவ்வேறு நூலகங்களின் இயல்பு வேரியண்டுகள் வெவ்வேறு பைத்தான் பதிப்புகளைக் கேட்பதால் நிகழும் இது, தொகுப்பின் அளவைத் தேவையில்லாமல் பெருக்கிவிடும்.

இவை எல்லாம் சரியாக இருந்த பின், மேக்போர்ட்ஸோ, எக்ஸ்குவார்ட்ஸோ, நிரலாக்கக் கருவிகளோ இல்லாத ஒரு வெறும் கணினியில், மெய்நிகர் கணினியாக இருந்தாலும் போதும், நிறுவி இயக்கிப் பார்க்க வேண்டும். சாளரம் திறக்கிறதா என்பதோடு நிறுத்தாமல், வேரியண்டோடு தொடர்புள்ள ஒவ்வொரு வசதியையும் ஒருமுறையாவது தொட்டுப் பார்ப்பது அவசியம். மறையாக்கப்பட்ட முகவரியிலிருந்து ஒரு கோப்பை இறக்கிப் பார்க்க வேண்டும். பைத்தான் இணைப்பு உண்டென்றால் அதில் ஒரு சிறு ஸ்கிரிப்டை ஓட்டிப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது வெளியீட்டில் வேரியண்டை மாற்ற நேர்ந்தால் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டியிருக்கிறது. ஆப்பிளின் நிறுவியில், நிறுவிய பேக்கேஜை நீக்குவதற்கான பொதுவான வழி இல்லை. முதல் வெளியீட்டில் எக்ஸ்11 நூலகங்கள் போய், இரண்டாவதில் அவை தேவையற்றவை ஆகிவிட்டால், புதிய பெருந்தொகுப்பில் அந்தப் பேக்கேஜுகள் இருக்காது. ஆனால் பயனரின் வட்டில் பழையவை அப்படியே தங்கியிருக்கும். பழைய நூலகத்தை நம்பிய ஒரு செருகுநிரல் அதைத் தேடிப்பிடித்து ஏற்றிக்கொண்டால், புதிய வேரியண்டும் பழைய வேரியண்டும் ஒரே நிரலுக்குள் கலந்துவிடும். எனவே வேரியண்ட் மாறும் வெளியீட்டுக்குப் பதிப்பு எண்ணையும் சேர்த்த புதிய வேர் அடைவைக் கொடுப்பதோ, நிறுவுவதற்கு முன் ஓடும் ஸ்கிரிப்டில் நம்முடைய பழைய அடைவை மட்டும் கவனமாக நீக்குவதோ தேவைப்படுகிறது. நமக்கென்று தனி அடைவு இருந்தால் மட்டுமே இந்த இரண்டாவது வழியைத் துணிந்து கையாள முடியும்.